வீடு சொட்டுகிறது, சுவர் பொரிகிறது: எங்கே கை வைப்பது?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மலையடிவாரத்துச் சந்து ஒன்றில், அறுபது வயதைத் தாண்டிய வீட்டை வாங்கிக் குடிவந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. முன்கட்டுக் கூரை மெட்ராஸ் ஒட்டு, அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட பழைய தளம். சமையல்கட்டின் மேல் கருங்கல் பலகை. பின்னால் குளியலறைக்கும் துவைக்கிற இடத்துக்கும் தகர ஷீட். ஒரே வீட்டுக்கு மூன்று காலத்துக் கூரை, மூன்று விதமான ஒழுகல்.

என் கணவர் கையில் எப்போதும் கரண்டியும் சிமெண்டும் இருக்கும். என் கையில் நாற்பது பக்க நோட்டு. எந்த இடம், எந்த நேரம், மழைக்கு முன்னா பின்னா என்று எழுதிவைப்பது என் வேலை. முதல் ஆறு மாதம் அவர் பூசினார், நான் எழுதினேன். பூசியதில் பாதி பெயர்ந்து விழுந்தது. அப்புறம்தான் நோட்டைப் பார்த்துவிட்டுக் கரண்டியை எடுப்பது என்று ஆனது. கீழே இருப்பது அந்த நோட்டில் உள்ளதுதான், தொல்லை வாரியாக.

எதற்கும் முன்னால்: சுவர் எதில் கட்டியது?

இது தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். கண்ணில் படாத மூலையில், அலமாரிக்குப் பின்னால், கொஞ்சம் பூச்சைத் தட்டிவிட்டுக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆணியால் கீறிப் பாருங்கள். செம்மண்ணாக உதிர்ந்தால் மண் கட்டு. வெள்ளைத் துகளும் மணலுமாகச் சுரண்ட வந்தால் சுண்ணாம்புக் காரை. ஆணி வழுக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கீறல் மட்டும் விழுந்தால் சிமெண்ட். எங்கள் முன்கட்டு சுண்ணாம்பு, சமையல்கட்டு மண், பின்கட்டு சிமெண்ட். மண் கட்டில் டிரில் போட்டு டி.வி. மாட்டப் போன கதையை அவரே சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்.

தொல்லை 1: மழை விட்ட மறுநாளும் முன்கட்டுக் கூரை சொட்டுகிறது

மழை பெய்யும்போதே சொட்டினால் ஓட்டை நேர் வழி; தேடிப் பிடித்துவிடலாம். மழை விட்டுப் பத்து மணி நேரம் கழித்துச் சொட்ட ஆரம்பித்தால் கூரை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மெட்ராஸ் ஒட்டில் மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்திருப்பார்கள். நடுவில் இருக்கிற ஜல்லி அடுக்கு பஞ்சு மாதிரி. மேலே ஒரு மூலையில் இறங்கிய தண்ணீர் உத்திரத்தை ஒட்டியே ஓடி, ஆறு அடி தள்ளி வேறொரு இடத்தில் சொட்டும். கறைக்கு நேர் மேலே போய்ப் பூசுவது வீண்.

பூசினோம். முதல் ஐப்பசியில், இரண்டு மழைக்கு நடுவே வெயில் வந்த நான்கு நாளில், வாட்டர்புரூஃப் பெயிண்ட் வாங்கி மாடி முழுக்க இரண்டு கோட்டு அடித்தார். உள்ளே இருந்த ஈரம் போக வழியில்லாமல் பெயிண்டு அப்பளம் மாதிரி எழும்பியது. கீழே சொட்டு நிற்கவில்லை. உத்திரத்தில் பூஞ்சை வந்ததுதான் மிச்சம். பங்குனி வெயிலில் அதையெல்லாம் சுரண்டி எடுத்தோம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மாடியில் தண்ணீர் கட்டி வைக்கச் சொல்வார்கள். கான்கிரீட் மாடிக்குச் சரி. மர உத்திரத்துக்குச் சொல்லாதீர்கள்: நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 235 கிலோ. அறுபது வருட உத்திரத்தின் உள்ளே கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நாங்கள் செய்தது சாக்குச் சோதனை. கோடையில் கூரை நன்றாகக் காய்ந்தபின், நான்கு கோணிச் சாக்கை நனைத்து மாடியின் ஒரு மூலையில் விரித்து, காய விடாமல் அரை நாள் ஊற்றிக்கொண்டே இருப்பது. கீழே ஒருவர் டார்ச்சோடு. ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் அடுத்த மூலை. மூன்றாம் நாள், தண்ணீர் இறங்கும் தூம்பு வாயருகே சாக்கைப் போட்ட இரண்டு மணி நேரத்தில், கூடத்தின் நடு உத்திரத்தில் ஒரு கருப்புப் பொட்டு தெரிந்தது. நான் கீழே நின்று கத்தியது பக்கத்து வீட்டு ஆயாவுக்கே கேட்டிருக்கிறது.

தூம்பு வாயில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரல் கனத்துக்கு ஓர் அரசஞ்செடி. மேலே இரண்டு இலைதான். உள்ளே வேர் தட்டோட்டை ஒரு நூல் உயர்த்தி வைத்திருந்தது. செடியைக் கிள்ளி எறிந்தால் மறு மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும். சுற்றியுள்ள மூன்று தட்டோட்டைப் பெயர்த்து, வேரை முழுசாக உருவி, சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, மூலையில் தண்ணீர் தங்காமல் இருக்கக் கால்வட்டமாகச் சரித்துப் பூசினோம். தூம்பு வாய்க்குக் கம்பி வலை. வேலை ஒன்றரை நாள், தேடியது ஐந்து மாதம்.

தொல்லை 2: பலகைக்கல் கூரையில் இடுக்கு வழியாக இறங்குகிறது

கருங்கல் மாவட்டம் இது. இங்கே கூரைக்கும் கல், வேலிக்கும் கல். கல் ஒழுகாது, இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இணைப்புதான் ஒழுகும். பகல் வெயிலில் கல் நீளும், ராத்திரி சுருங்கும். சிமெண்ட் அதற்கு வளைந்து கொடுக்காமல் விட்டுவிடும். பழைய சிமெண்டைச் சுரண்டி, தூசியை ஊதி, நன்றாகக் காய்ந்த பிறகு வளைந்து கொடுக்கும் பி.யூ. சீலண்ட் (பாலியூரித்தேன் அடைப்புப் பசை) இழுங்கள். ஈரத்தில் இழுத்தால் ஒட்டாது.

இடுக்கைப் பார்க்கும்போதே கல்லின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். குறுக்கே மயிரிழை விரிசல் தெரிந்தால் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல கல் ‘ணங்’ என்னும். ‘டொக்’ என்றால் அன்றைக்கே அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், அந்த இடத்தில் படுக்காதீர்கள். அழுத்தினால் தாங்கும், வளைந்தால் தாங்காது என்பது கல்லின் குணம்; முறிந்தால் சொல்லிவிட்டு முறியாது. அதன் மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார் முந்தைய உரிமையாளர். நிறைந்தால் ஒரு டன். குடிவந்த வாரமே இறக்கினோம்.

தகர ஷீட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போல்ட்டின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும், மாற்றினால் முடிந்தது. தகரமாக இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அறுக்கவோ துளையிடவோ உட்காராதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாதது.

தொல்லை 3: சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து உதிர்கிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது

எங்கள் வீட்டில் அதிகப் பணம் தின்றது இதுதான். கூடத்து மேற்குச் சுவர், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. அசிங்கமாக இருக்கிறதென்று அவர் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார். ஆறே மாதத்தில் டைல்ஸுக்கு மேலே, நான்கரை அடியில், கொப்பளம். கூப்பிட்ட மேஸ்திரி பார்த்துவிட்டுச் சிரித்தார்: “சுவத்துக்கு ரெயின்கோட் போட்டுட்டு கால்ல தண்ணி ஊத்துனா, அது தலை வழியாத்தாம்மா வரும்.”

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறைப் பக்கம் ஈரம் கோத்திருந்தால் காற்றோட்டக் குறை, ஜன்னலைத் திறந்தால் பாதி தீரும். சுவர்ப் பக்கம் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

உள்ளிருந்து வந்தால் சுவரின் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். குளியலறையா, குழாய் ஓடுகிறதா, ஈரம் திட்டாக ஒரே இடத்தில் இருக்கிறதா? அப்படியானால் குழாய்க் கசிவு. ராத்திரி தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் படுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. ஈரம் சுவர் நெடுக ஒரே உயரத்துக்குக் கோடு போட்டது போல் இருந்தால் தரை ஈரம் ஏறுகிறது.

எங்களுடையது இரண்டாவது. வெளியே போய்ப் பார்த்தால் காரணம் காலடியில் கிடந்தது. தெருவில் ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, எங்கள் தரையைவிடத் தெரு ஒரு முழம் உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் முழுக்கச் சுவரோரம் நிற்கிறது. உள்ளே எத்தனை பூசி என்ன?

செய்தது வரிசையாக: வெளியே சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கிடந்த மண்ணை நம் தரை மட்டத்துக்கும் கீழே வரும்வரை தோண்டி எடுத்து, தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்தோம். உள்ளே டைல்ஸையும் சிமெண்ட் பூச்சையும், ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை கொத்தி எடுத்தோம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாரி வெளியே கொட்டினோம். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். அப்புறம் மாசி முதல் வைகாசி வரை சுவரைத் தொடவே இல்லை. வந்தவர்களெல்லாம் “என்ன, பணம் தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார்கள். காயட்டும் என்று விட்டதுதான் நாங்கள் செய்ததிலேயே நல்ல வேலை.

பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மேஸ்திரி கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரை விட்டுக் குழைத்தார். வீடே ஒரு வாரம் புளித்த வாசனை. கை விரல் பாதிக் கனத்துக்கு மேல் ஒரே நேரத்தில் பூசக் கூடாது. ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது, நடுவில் தினமும் ஈரத் தெளிப்பு. மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் வெறும் வெள்ளையடிப்புதான். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றினால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தெறித்தால் கண் போய்விடும்.

தொல்லை 4: சுவரில் விரிசல்

ஏ.டி.எம். அட்டையை விரிசலில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் பூச்சு விரிசல், விடுங்கள். நுழைந்தால் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அட்டை நுழையும் ஆழத்தையும் குறியுங்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் போகட்டும். முனை நகரவில்லையென்றால் பழைய காயம், அடைத்துவிடலாம். பென்சிலே உள்ளே போகிற அகலமென்றால் காத்திருக்க வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு போல் போனால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். அங்கேயும் கழிவுநீரோ மழைநீரோ அடியில் போகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடாக இருந்தால் கட்டும்போதே இரண்டு சுவரின் கல்லையும் கோத்துப் பல் விட்டுக் கட்டவில்லை. என்றைக்கும் திரும்ப விரியும், பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் படுக்கையறைச் சுவரில் இப்போது பதினோரு தேதி இருக்கிறது. பார்ப்பவர்கள் பிள்ளையின் உயரம் குறித்திருக்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

தொல்லை 5: நிலைக்கதவில் மண் கோடா, கீழே மாவா?

இரண்டும் வேறு. மண்ணால் பூசிய கோடு ஏறினால் கரையான். கீழே ரவை போல், மாவு போல் மரத்தூள் கொட்டி மரத்தில் குண்டூசித் துளை இருந்தால் வண்டு. வண்டு இருப்பது அந்த மரத்துக்குள்ளேதான். துளையில் மருந்தை ஊசியால் ஏற்றி அடைத்தால் போதும். கரையான் மண்ணிலிருந்து வருகிறது, மரத்தில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. கோட்டை நடுவில் இரண்டு அங்குலம் உடைத்துவிடுங்கள். இரண்டு நாளில் திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடிருக்கிறது. ஸ்குரூடிரைவரால் நிலையின் அடிக்கட்டையைக் குத்துங்கள், எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தால் சேதம் தெரிந்துவிடும்.

தரையும் சுவரும் சேருமிடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்குகிற வேலையை ஆள் வைத்துச் செய்தோம். கிணறு, போர் பக்கத்தில் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான்.

தொல்லை 6: தொட்டால் சுர்ரென்கிறது, விளக்கு துடிக்கிறது

இதில் நாங்கள் கண்டுபிடிப்போம், எலெக்ட்ரீஷியன் கை வைப்பார். முதல் நாள் மெயினை அணைத்துவிட்டு ஒரு போர்டைத் திறந்தபோது, மூன்று பின் பாயிண்டின் மேல் துளைக்கு வரவேண்டிய பச்சை ஒயர் உள்ளே அரை அங்குலத்தில் வெட்டிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு எர்த், உள்ளே ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜைத் தொட்டால் அடித்தது ஏன் என்று அப்போது விளங்கியது.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு ராத்திரியில் மினுக்மினுக்கென்று எரிந்தால், ஸ்விட்ச் ஃபேஸில் (மின்சாரம் வரும் ஒயரில்) இல்லாமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் ஒயரில்) இருக்க வாய்ப்புண்டு. ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் இருந்தாலும் இப்படி ஆகும், அதைக் கழித்துப் பாருங்கள். நியூட்ரலில் இருந்தால் அணைத்த பல்பு ஹோல்டரிலும் மின்சாரம் காத்திருக்கும். மாற்றும்வரை மெயினை அணைக்காமல் பல்பு கழற்றாதீர்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஓர் அறையில் விளக்கு பளீரென்றும் இன்னொன்றில் மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் விட்டிருக்கிறது. யோசிக்காமல் மெயினை அணைத்து ஈ.பி.க்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். வயர் முழுக்க மாற்றப் பணம் இல்லையா? சரி, எர்த் பைப்பும், மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சும் முதலில் போடுங்கள். டைல்ஸ் அப்புறம்.

தொல்லை 7: குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது

ஒரே குழாய் என்றால் அதன் வாய்ச் சல்லடையில் உப்பு. கழற்றி ராத்திரி முழுக்க வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ போடுங்கள். எல்லாக் குழாயும் என்றால் தொட்டியின் வெளிவாய். காலையில் முதல் குவளை மட்டும் செம்பழுப்பாக வந்தால் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் உள்ளே துருவால் அடைந்துவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. உப்பை எடுக்கிறேன் என்று குளியலறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்காதீர்கள். வரும் புகை மூச்சை அடைக்கும்.

பாத்திரத்தில் படியும் வெள்ளை ஃபுளோரைடு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அது கால்சியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தொல்லை உண்மைதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தரம். புது வீட்டில் போர் இருந்தால் குடிக்கும் முன் சோதனைக்குக் கொடுங்கள்.

குளியலறையில் நாற்றம் என்றால் அதிகம் புழங்காத வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடியில் வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோனால் சாக்கடைக் காற்று மேலே வரும். எங்களுக்கு அதுதான். செலவு: ஒரு வாளி தண்ணீர்.

தொல்லை 8: கதவு மூடவில்லை

மழைக்காலத்தில் மட்டும் என்றால் இழைப்புளி எடுக்காதீர்கள், தையில் தானாகச் சரியாகும். இழைத்துவிட்டால் கோடையில் இடுக்கு விழும். வருடம் முழுக்க என்றால் மேல் கீலின் திருகு ஆடுகிறது. துளையில் ஃபெவிகால் தோய்த்த மூங்கில் சிம்பை அடித்து, மறுநாள் திருகை இறுக்குங்கள்.

தொல்லை 9: ராத்திரி மேலே யாரோ நடக்கிற சத்தம்

பக்கத்து வீட்டு ஆயா குடிவந்த அன்றே சொன்னார்: “பொழுது சாஞ்சா பெரியவரு நடப்பாரு, ஒண்ணும் செய்ய மாட்டாரு.” பெரியவர் என்றால் இந்த வீட்டைக் கட்டியவர். என் கணவர் நம்பவில்லை என்றார். ஆனால் தனியாகப் பின்கட்டுக்குப் போகவும் இல்லை. பத்து நாள் நோட்டில் நேரம் எழுதினேன். வெயில் அடித்த நாளெல்லாம் மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே, டக், டக், டக். மேகமூட்டமாக இருந்த இரண்டு நாள் சத்தமே இல்லை. தகர ஷீட் குளிர்ந்து சுருங்கும்போது போல்ட்டை இழுக்கிறது. போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, புது வாஷர் போட்டதும் குறைந்தது.

“பெரியவர் மூணு மணிக்கும் வர்றாரே, என்னங்க” என்று நோட்டைக் காட்டினேன். அது பெருச்சாளி. துவைக்கிற இடத்துச் சாக்கடைக் குழாய் வழியாக வருகிறது. வாயில் கம்பி வலை கட்டியிருக்கிறோம். நேற்று மூன்று மணிக்குச் சத்தம் இல்லை, நான்கே காலுக்கு இருந்தது.